குழம்பின் மேல் போட்ட பழி

எழுபதுகளில் ராயபுரத்தில் குடியிருந்தோம். எனக்கு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. பசி வந்தால் வயிறு எரியும். குடல்புண் என்றார் டாக்டர். காரமும் கோபமும்தான் காரணமாம். கோபம் என்னுடையது என்பதால் அதை மறந்துவிட்டு, காரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஈஸ்டர் அன்று என் மனைவி பிலோமினாவின் மூன்று தம்பிகளும் சாப்பிட வந்திருந்தார்கள். அவள் நெத்திலிக் குழம்பு ஊற்றியதும் தட்டைத் தள்ளினேன்.

"இன்னா கொழம்பு இது? உங்க அக்கா ஆக்கிப் போட்டுத்தான் என் வவுறு புண்ணா பூட்ச்சு."

அதன்பிறகு எங்கள் அம்மியில் மிளகாய் அரைபடவே இல்லை. அவளும் காரமில்லாமல்தான் சாப்பிட்டாள். எரிச்சல் மட்டும் நிற்கவில்லை.

நான் ரிட்டையரான பிறகு, வேறொரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "இது கிருமியால வந்த புண்ணு. காரத்தால இல்ல" என்று இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். எரிச்சல் போய்விட்டது. அதற்கப்புறம்தான் பிலோமினாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப என்னால இல்லியா?"

"இல்ல."

"என் தம்பிங்ககிட்ட நீயே போய் சொல்லு."

கடைசித் தம்பி மட்டும்தான் அப்போது உயிரோடு இருந்தான். மறுநாளே போய், அந்த ஈஸ்டர் அன்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். எந்த ஈஸ்டர் என்று அவன் கேட்கவில்லை.