டயானா சொன்ன ‘தெரியல’

நொச்சிக்குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிறவனிடம் "எப்ப வருவ?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆகாது. மீன் விற்கும் டயானாவின் வீட்டிலோ, நாளைக்கு என்ன ஆகும் என்ற பேச்சே எழுவதில்லை.

ஏப்ரலில் அவள் கணவன் மரியசெல்வத்துக்கு நடுக்கடலில் வலிப்பு வந்தது. கூடப் போன குப்பன், தண்ணீரில் சரிந்தவனின் பனியனைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். ஒரு வருஷம் கடலுக்குப் போகக் கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் குப்பன் ஒரு கூடை மீனை டயானாவின் பலகையில் கொட்டிவிட்டுப் போகிறார். கும்பிட்டால் கோபிக்கிறார்.

பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி, "நைனாவுக்கு அசதி" என்றதோடு சரி.

மே மாத ஞாயிறு, பூசை முடிந்து கடையில் நல்ல கூட்டம். டயானா வஞ்சிரம் வெட்ட, மகள் அனு சங்கரா மீனுக்குச் செதில் உரசினாள். அபிராமபுரத்திலிருந்து வாராவாரம் வரும் ரூபீனா விசாரித்தாள்.

"பிளஸ் டூ முடிச்சிட்டியே அனு, எந்தக் காலேஜ்?"

"எங்கியும் அப்ளிகேஷன் போடல ஆன்ட்டி. நாளைக்குக் கடைசி நாளு."

"ஏன்டி?" என்றாள் டயானா.

பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்பது வயது ராபர்ட் முந்திக்கொண்டான். "நைனா செத்துட்டா கடைய யாரு பாப்பா? அதான் அக்கா போடல."

கத்தி பாதியில் நின்றது. "யார்ரா சொன்னது?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதனாலதான்."

டயானா இருவரையும் ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தாள்.

"நைனாவுக்கு வந்தது ஃபிட்ஸு. மாத்திர ஒழுங்கா போட்டா பயமில்லனு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"திரும்பக் கடலுக்குப் போவாரா?"

போவாருடா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"தெரியலடா. ஒரு வருசம் கழிச்சிதான் தெரியும்."

"அப்ப சோறு?"

"கடை கீது. குப்பன் மாமா மீன் கீது. எத்தினி நாளைக்குனு அதுவும் தெரியல."

"உனக்கு இன்னாதான்மா தெரியும்?"

அனு சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. ஒரு மாதமாக அப்பா தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"இவ படிக்கணும். அது தெரியும்" என்றாள் டயானா.

"சாயங்காலம் கடைக்கு வருவேன். வேணாம்னு சொல்லாத."

"வா. நீ இல்லாம எனக்கும் கஷ்டந்தான்."

"இன்னாம்மா, வெட்டுறியா, நான் போவட்டா?" என்றார் வரிசையில் நின்றவர்.

"இரு சார், புள்ள காலேஜ் போவுது!"

அனு கையை ராபர்ட் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். எந்தப் பாடம் என்று ரூபீனாவோடு பேசிப் பேசி விண்ணப்பத்தை நிரப்பினாள். ஓடிபி டயானாவின் போனுக்கு வந்தது. அவள் கையெல்லாம் மீன். ராபர்ட் அவள் இடுப்புப் பையிலிருந்து போனை உருவி, ஆறு எண்ணையும் நாலு கடைக்குக் கேட்கும்படி கத்தினான்.

வஞ்சிரத்தோடு இரண்டு கை இறாலையும் அள்ளி ரூபீனாவின் பையில் போட்டாள் டயானா.

"இது நான் வாங்கலையே!"

"போங்கம்மா, கூட்டம் கீது."