பின்னால் மணிக்கூண்டு தெரியும் படங்கள்

நிதியாவின் முடிதிருத்தும் கடைக்குப் போகிற பெண்கள், வீட்டிலிருந்து பழைய போட்டோ ஏதாவது எடுத்துப் போவது எங்கள் தெருவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞானஸ்நானம், கல்யாணம், கால்பந்துக் குழு, பெரிய கெளுத்தி மீனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் மச்சினன், எதுவானாலும் சரி. படத்தில் இருப்பது யார் என்று அவள் கேட்க மாட்டாள். பின்னால் சந்தை மணிக்கூண்டு தெரிகிறதா என்றுதான் பார்ப்பாள். பக்கத்துக் கடையில் பழச்சாறு விற்கிறவள் நான்; அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கூண்டு விழுந்தது ஒரு மழைக்கால முற்பகலில். மக்தலேனா ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் நல்ல கூட்டம். கூண்டுக்குக் கீழே கடை போட்டிருந்த நான்கு பேர் செத்தார்கள். மேலே கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த எவரிஸ்தோவும் செத்தார். அவர் நிதியாவின் அப்பா. கூண்டு வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமானது. கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை, எவரிஸ்தோ குடித்துவிட்டுப் போய்க் கடிகாரத்தின் இரும்புக் குண்டுகளைக் கைநழுவ விட்டதில் தளம் உடைந்துவிட்டது என்று விசாரணையில் சங்கம் எழுதிக் கொடுத்தது. அவர் குடிப்பவர்தான், எங்கள் ஊரில் குடிக்காத ஆண் யார்? ஆனாலும் ஊர் நம்பிவிட்டது. அவருடைய அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரோ நிதியாவின் வாசலில் மீன் குடலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவளே கழுவிவிட்டாள்.

மறு வருஷம் ஒருத்தி, தன் மூத்த மகளுக்கு முடியைச் சுருட்டிவிட்ட மாதிரியே இளையவளுக்கும் சுருட்டிவிட வேண்டும் என்று மூத்தவள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தைக் கொண்டுவந்தாள். குழந்தையின் வெள்ளை முக்காட்டுக்குப் பின்னால், கடிகார முகத்துக்குக் கீழே, நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கூண்டு விழுவதற்குப் பல வருஷம் முந்திய படம் அது. நிதியா அதை இரவல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவளுடைய தம்பி ரூபியெல் படகு ஓட்டுகிறவன். முதலில் கேலி செய்தான். "ஊர்ல நடந்த கல்யாணத்தை எல்லாம் மறுபடி நீயே நடத்திவைக்கப் போறியாக்கா?" என்றான். பிறகு அவனும் ஆற்றங்கரை வீடுகளில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

படங்களை வருஷ வாரியாகப் பின்கட்டுச் சுவரில் ஒட்டினாள். நூலாக இருந்த விரிசல் கயிறானது, கிளை விட்டது. அப்புறம் ஒரு வருஷத்தில் திடீரென்று காணாமல் போனது. சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அடுத்த வருஷப் படங்களில் அதே இடத்தில் முன்னைவிட அகலமாக வாயைப் பிளந்திருந்தது. நடுவில் எப்படி மறைந்தது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அதையே நினைத்துக்கொண்டு சோறு வேண்டாமென்று இருந்துவிடுவாள்.

அதைச் சொன்னது உபால்தினா. கூண்டுக்குக் கீழே மீன் பொரித்து விற்ற யானெத்தின் தாய். மகள் செத்த நாளிலிருந்து நிதியாவின் முகத்தில் விழிக்காதவள், ஒரு நாள் கடைக்குள் வந்து நின்றாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். வாணலிக்கு முன்னால் யானெத் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏணி. ஏணியில் எவரிஸ்தோ. கையில் சுண்ணாம்பு வாளி. விரிசலைப் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் உபால்தினா. "தெரிஞ்சும் எம் பொண்ணை அடியில உக்கார விட்டிருக்காரு."

யாரும் சொல்லாமல் அவர் ஏணி ஏறியிருக்க மாட்டார் என்று முணுமுணுத்தாள் நிதியா.

"அது எனக்கு வேண்டாத விஷயம். நீ என்ன பண்ணணுமோ பண்ணிக்க. ஆனா படத்தைத் திருப்பிக் குடுத்துரு. அவ சிரிக்கிற படம் வேற இல்ல."

ரூபியெல் அந்தப் படத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னான். மற்ற படங்களே போதும், அப்பாவைக் குடிகாரன் என்றவர்களின் வாயை அவையே அடைத்துவிடும் என்றான். நிதியா கேட்கவில்லை. "அதை ஒளிச்சு வெச்சா, நானும் பூசினவதானேடா" என்றாள். அவன் அன்று சாப்பிடாமல் எழுந்து போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வரும் வழியில், மீன்சந்தைச் சுவரில் எல்லாப் படங்களையும் வரிசையாக மாட்டினாள். தங்களைத் தேடிக்கொண்டு சிரித்தபடி வந்தவர்கள், நாலைந்து படம் தாண்டியதும் தங்களை விட்டுவிட்டு விரிசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கல்யாணப் படமும் அங்கே இருந்தது. என் தோளுக்கு மேலே அந்த விரிசல். அன்றைக்கு அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. பந்தலும் விருந்தும்தான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தன. சிலர் தங்கள் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நிதியா தடுக்கவில்லை.

விசாரணை மறுபடி நடந்தது. குடித்திருந்தார் என்ற வரியைச் சங்கம் திரும்பப் பெற்றது. ஆனால் எவரிஸ்தோ தானாகவே பூசி விரிசலைத் தங்களிடமிருந்து மறைத்துவிட்டதாகச் சொன்னது. சாட்சியாக அது காட்டியது உபால்தினாவின் படத்தைத்தான். பூசச் சொன்னது யார் என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. சந்தையில் பிறகு வைத்த நினைவுக் கல்லில் நான்கு பெயர்களே இருக்கின்றன. ரூபியெல் படகை எடுத்துக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்குப் போனான். அக்காவுக்கு ஒரு சேதி கூட அனுப்புவதில்லை.

விசாரணை முடிந்ததும் உபால்தினா படத்தை வாங்க வந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏணி இருக்கிற பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்கிட்டக் கத்திரி இருக்கே. இதை வெட்டிக் குடு."

நிதியா கத்திரியைத் துடைத்தாள். ஏணியை ஒட்டி யானெத்தின் முழங்கை இருந்தது. எப்படி வெட்டினாலும் அது அந்தப் பக்கம் போய்விடும் என்று காட்டினாள்.

"போகட்டும்" என்றாள் கிழவி.

வெட்டினாள். மகள் இருந்த துண்டை உபால்தினா சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டாள். மற்றதை நிதியா கேட்டாள்.

"எனக்கெதுக்கு அது? வெச்சுக்க" என்று எழுந்தவள், வாசலில் நின்று, அடுத்த வாரம் தலைக்குச் சாயம் போட வரலாமா என்று கேட்டாள்.

வரச் சொன்னாள் நிதியா.