சீல் படத்தில் ஒரு கை

லோகநாதன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, என் இட்லிக் கடையில்தான் அவனுக்குப் பொழுது போகும். இட்லி ஆறிக்கொண்டிருக்கும், இவன் போனையே நோண்டிக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி என்னதான் பார்க்கிறான் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். எல்லாம் கண்டெய்னர் கதவில் பூட்டு மாதிரி தொங்கும் சீல். வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, அதன் நம்பரைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். சரி, அனுப்பியாயிற்று. அப்புறமும் எதற்கு வைத்திருக்கிறான்?

"அழிச்சுத் தொலையேன்டா. அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"இருக்கட்டும்க்கா. இதப் பாத்தா அன்னிக்கு மழையா வெயிலா, அல்லாம் நெனப்பு வருது."

பூட்டைப் பார்த்தால் மழை ஞாபகம் வருமா? கிறுக்கன் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருத்தன் சோற்றுத் தட்டைப் படம் எடுக்கிறான், ஒருத்தன் கடல் அலையைப் படம் எடுக்கிறான். எதைப் பிடித்து வைக்க இத்தனை பாடு?

லோகநாதனிடம் கிளீனராக இருந்தவன் இன்னாசி. இதே வரிசையில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டான். வருஷ நினைவு நாள் நெருங்கியபோது அவன் மனைவி அமலோற்பவம் லோகநாதனைத் தேடிக் கடைக்கு வந்தாள். தெருவில் பேனர் வைக்க அவளுக்கு ஒரு படம் வேண்டும். கல்யாண ஆல்பம், வெள்ளத்தோடு ஆலையிலிருந்து வீட்டுக்குள் வந்த எண்ணெயில் ஊறி நாசமாகிவிட்டது. மிஞ்சியது ஆதார் படம் மட்டும்தான்.

"அதுல யாரோ மாதிரி கீறாரு அண்ணா. உன் போன்ல இல்லாததா? ஒரே ஒரு மூஞ்சி குடு."

லோகநாதன் தேடினான், மறுபடியும் தேடினான். இன்னாசி கூச்சக்காரன், போனை நீட்டினால் வண்டிக்குப் பின்னால் போய்விடுவான். ஒரு படத்திலும் முகம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இத்தினி வருசம் ஒண்ணாத் துன்னீங்க, ஒண்ணாத் தூங்கினீங்க. பூட்ட எடுத்தியே, ஒரு தபா அவன் மூஞ்சிய எடுத்தியாடா பாவி?"

அவன் கண் கலங்கிவிட்டது. அமலோற்பவம் போனை வாங்கி, பழைய சீல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். சட்டென்று நிறுத்தினாள்.

சீல் எப்படியும் திரும்பித்தான் தொங்கும். நம்பர் தெரிய யாராவது பிடித்துக் காட்ட வேண்டும். அந்தப் பழைய படங்களில் எல்லாம் அப்படிப் பிடித்திருந்தது இன்னாசியின் கை.

"இது மீன் வறுக்கறேன்னு வந்து எண்ணெ தெறிச்சிக்கினது," என்றாள் விரலில் ஒரு தழும்பைத் தொட்டு. இன்னொன்றைக் காட்டினாள். "இது பாப்பாவுக்குத் தூளி கட்டறப்ப ஆணி கீறினது."

நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு வெறும் விரல்தான் தெரிந்தது. அவளுக்கு எந்த நாள் என்று தெரிந்தது.

ஒரு படத்தில் சுண்டுவிரல் நகத்தில் ரோஸ் கலர் பாலிஷ். அவள் சிரித்துவிட்டாள்.

"பாப்பா பூசிவுட்டா. நேரமாச்சின்னு தொடைக்காமலே பூட்டாரு." சிரிப்பு நின்றது. "அன்னிக்குத்தான் கடேசி."

அடுத்த படத்துக்குத் தள்ளினாள். வேறு விரல்கள்.

"இது யாரு?"

"நான்தாம்மா," என்றான் லோகநாதன். "அதுக்கப்பறம் நானே புடிச்சிக்கினு நானே எடுக்கறேன்."

அவள் ஒரு படம் பின்னுக்கு வந்தாள். "இத்த குடுண்ணா."

பேனர் கடைக்காரன் மாட்டேன் என்றான். முகம் இல்லாமல் நினைவஞ்சலி போட்டதே இல்லையாம். நான் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்ட பிறகுதான் மெஷினை ஓடவிட்டான்.

நினைவு நாளன்று திருவொற்றியூரில் அவர்கள் தெருமுனையில் பேனரைக் கட்டினோம். மேலே சிலுவை, கீழே பெயர், நடுவில் ஒரு கை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் அமலோற்பவத்திடமே கேட்டுவிட்டார்.

"பேரு கீது, ஆளக் காணமேம்மா?"

அவள் பேனரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதிர்லதான் கீறாரு," என்றாள்.