ராஜகுருவின் மூன்றாவது மிஷின்

ராஜகுரு அண்ணாச்சி மிஷினைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு மோந்து பார்த்தார்.

மிளகாய் வத்தலை அப்படித்தான் தேர்ந்தெடுப்பார். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை பேசும். மோந்தால் ஈரம் தெரியும். அருப்புக்கோட்டை கமிஷன் கடைகளில் அவர் காதையும் மூக்கையும் மிஞ்ச ஆளில்லை. ஆனால் இது சக்கரத்து நட்டைக் கழற்றும் கரண்டு மிஷின். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அரைமணி நேரம் கத்தி, மதுரையிலிருந்து வரவழைத்தது. இதற்குள் விதை இல்லை.

தராசிலும் வைத்துப் பார்த்தார். "போன மிஷினுக்கு இது தேவல. கனம் இருக்கு."

இது மூன்றாவது. முதல் மிஷின் வேறொரு மதுரைக் கடை பார்க்கக் கொடுத்தது. இரண்டாவது, வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. இரண்டையும் நட்டில் வைத்து ஓட்டிவிட்டு, "சத்தந்தான் இருக்கு, சாரத்தக் காணோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அவருடையது. எண்ணெய் மாற்றுவது முதல் பிரேக் பார்ப்பது வரை எல்லாம் வீட்டு வாசலில், அவர் கையால்தான். "மெக்கானிக்கிட்ட விட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்காது" என்பார். பிரேக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.

வலப்பக்கச் சக்கரங்களைச் சாதாரண ஸ்பானரால் இடமாகத் திருப்பிச் சுலபமாகக் கழற்றியிருக்கிறார். இடப்பக்க முன்சக்கரம் பஞ்சரானபோது வம்பு வந்தது. அதே மாதிரி திருப்பினார்; நட்டு அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றார். குதித்தார். பிறகுதான் கரண்டு யோசனை வந்தது.

"அந்தப் பக்கமாத் திருப்பிப் பாருங்களேன்" என்று முதல் மிஷின் வந்த அன்றே சொன்னவர் அவர் மனைவி கனகலட்சுமி.

"இறுக்குறதுக்கா மிஷினு வரவழச்சிருக்கேன்?"

அடுத்த வீட்டுக்காரி என்பதால் என்னிடமும் ஆலோசனை கேட்டார். "ஏ பாப்பா, தேசம் தேசமா சுத்திட்டு வந்திருக்கியே, அங்க எதுல கழட்டுறாக?"

"ஒர்க் ஷாப்புல விட்டுருவாங்க அண்ணாச்சி."

"அதான் அம்புட்டுப் பேரும் சோம்பேறியாப் போய்ட்டாக."

திருச்சுழிப் பக்கத்துக் களங்களில் வத்தல் குவிந்து கிடந்தது. மற்ற வியாபாரிகள் போய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய கவலை, மச்சினன் வெள்ளத்துரை. பந்தல்குடி ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். மூன்றாவது மிஷினும் தோற்றால் ஜீப்பைக் கயிறு கட்டி, கடைத்தெரு வழியாக அவன் ஷாப்புக்கு இழுத்துப் போவதென்று பேச்சு. "என் வண்டிய எவனும் தொட முடியாது" என்று அண்ணாச்சி யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாரோ, அத்தனை பேருக்கும் கடை அந்தத் தெருவில்தான்.

குறித்த காலையில் வெள்ளத்துரை டிராக்டரோடும் கயிற்றோடும் வந்து நின்றான். தெருவில் ஆள் கூடிவிட்டது.

"ஆரம்பிங்க அத்தான். எனக்கு வேற ஜோலி கெடக்கு."

கனகலட்சுமி பிளக்கைச் சொருகினார். மிஷின் உறுமியது. அண்ணாச்சியின் கன்னம் ஆடியது, நட்டு ஆடவில்லை.

"கயித்தக் கட்டட்டா?"

"அந்தப் பக்கமா..." என்றார் கனகலட்சுமி.

"இந்தா, ஒன் ஆசையும் தீரட்டும்!" அவரைப் பொய்யாக்குவதற்காகவே அண்ணாச்சி சுவிட்சை எதிர்ப்பக்கம் தள்ளி அழுத்தினார். நட்டு ஒருமுறை முனகியது. பிறகு சரசரவென்று சுழன்று கழன்று, மிஷினின் வாயோடு வந்துவிட்டது.

வெள்ளத்துரை கயிற்றைக் கீழே போட்டான். "பழைய ஜீப்புக்கு இடப்பக்கம் எதிர்மரைதான் அத்தான், வலமாத் திருப்புனாத்தான் கழலும். இத்தன நாளா இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீக."

"ஏலே, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"எவனும் தொடக் கூடாதுன்னீக. வாயால மட்டும் தொடலாமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப, திருப்பி அனுப்புன ரெண்டும் நல்ல மிஷினுதானா?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், கூட்டத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"அது ரெண்டும் வலப்பக்கத்து மிஷினு. அதான் அனுப்பிச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். மூட்டைக்குக் குறி போடும் பிரஷ்ஷோடும் நீல மையோடும் திரும்பி வந்தார். மிஷினை வேட்டி நுனியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் முதுகில் பெரிய எழுத்தில் 'இடது' என்று எழுதி, மை காய்வதற்காக நிதானமாக ஊதத் தொடங்கினார்.