‘ப’வின் வலது கோடு

என் அக்கா யாரையும் திட்டமாட்டாள். திட்டுவது என் இலாகா. அவளுடைய கோபமெல்லாம் பென்சில் முனையில்தான் இருக்கும், அதையும் சீவிச் சீவி வைத்திருப்பாள்.

கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் ‘அ’ முதல் ‘ன’ வரை ஒரே பாணியில் ஓர் அச்செழுத்து வகை வரைந்தாள். மூன்று வருஷம் பிடித்தது. கோடுகளின் முனையில் கொக்கி கிடையாது. அதற்காக மொட்டைக் குச்சியும் இல்லை. ஒவ்வொரு கோடும் நடுவில் ஒடுங்கி, மணிக்கட்டு உள்ளங்கையாக விரிவதுபோல, முனையில் மெல்ல விரியும். மருந்துச் சீட்டில் பொடியாகப் போட்டாலும் படிக்கலாம். சென்ட் பெட்டியில் போட்டால் பெட்டிக்கே மவுசு கூடும்.

அவள் புருஷன், அதாவது என் அத்தான், அச்செழுத்து தயாரிக்கும் கம்பெனியில் விற்பனை அதிகாரி. அக்கா பிரசவமாகி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், "ஆபீஸ்ல காட்டிட்டு வரேன்" என்று படங்களை எடுத்துப் போனார். அவள் வீடு திரும்பியபோது எழுத்துக்கு அத்தானின் பெயர், அத்தானுக்கு வடிவமைப்புத் துறைத் தலைவர் பதவி.

அக்கா கேட்டாள்.

"யார் போட்டா என்ன? எல்லாம் ஒரே வீடுதானே!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தத் தட்டைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

கடைசித் திருத்தத்துக்குப் படங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. வரையத் தெரிந்தால்தானே ஆபீஸில் திருத்துவார்? அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருத்தினாள், ஒன்றைத் தவிர. அத்தான் பெயரின் முதல் எழுத்து ‘ப’. அதன் வலது கோட்டின் உச்சியில் இருந்த விரிவை மட்டும் அழித்துவிட்டாள்.

"பொடி எழுத்துல யாருக்கும் தெரியாதுடி," என்றாள் என்னிடம். "இவருக்குத் தெரியுதான்னு பார்ப்போம்."

பதினோரு வருஷம் தெரியவில்லை. பெரிய போர்டு எழுதிய பெயிண்டர்கள் கை போகிற போக்கில் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். பிறகு கம்பெனி புதுக் கட்டடம் கட்டி, தன் பேர்போன எழுத்தின் பெயரையே அதற்கும் வைத்தது. முகப்பில் அத்தானின் பெயர், ஆளுயரத்தில், தகட்டில். வெட்டியது மெஷின். மெஷினுக்கு ஏது தாட்சண்யம்?

திறப்பு நாளில் திரையை விலக்கினார்கள். முதலாளி அண்ணாந்து பார்த்தார். "என்ன சார், ‘ப’ ஒரு பக்கம் மட்டும் மொட்டையா நிக்குது?"

"அது... ஒரு ஸ்டைல் சார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி ஒரு தாளை நீட்டினார். "சரியா எப்படி வரணும்னு போட்டுக் குடுங்க, நாளைக்கே மாத்திடலாம்."

அக்கா கைப்பையிலிருந்து சீவிய பென்சிலை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள்.

அத்தான் போட்டது மூன்று குச்சி. அழித்தார். மறுபடியும் மூன்று குச்சி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நீயே போடேன்," என்று அக்காவிடம் குசுகுசுத்தார். "எல்லாம் ஒரே வீடுதானே."

"யார் போட்டா என்னன்னு இவங்ககிட்டயும் சொல்லுங்க. சத்தமா."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "எல்லா எழுத்தும் இவ போட்டது."

என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குதிக்கலாம் போலிருந்தது. முதலாளி பென்சிலை வாங்கி, பவ்யமாக அக்காவிடம் நீட்டினார். அவள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வேண்டாங்க. அந்த ‘ப’ அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவங்க கேட்பாங்க, இவர் பதில் சொல்லட்டும்."