கல்யாணம் இல்லாத மாதத்தில் வந்த கோச்

ரெஜினா மேடம் இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது காலை ஏழரை மணி. எனக்குத் தெரிந்ததோ மதியம் மூன்று மணிக்கு மேல்தான். என் அப்பா மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். மண்டபத்தின் மாடியிலேயே எங்கள் வீடு. அன்று வைகாசி முகூர்த்தம். தாலி கட்டும் நேரத்தில் போன் வந்திருக்கிறது. மங்கல காரியம் நடக்கும் இடத்தில் சாவுச் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். அப்பா அதை மனதுக்குள் வைத்துக்கொண்டே பந்தி விசாரித்து, மாப்பிள்ளை வீட்டாரை வழியனுப்பி, கடைசிப் பாத்திரம் வண்டியில் ஏறிய பிறகு மாடிக்கு வந்தார். "நம்ம கோச்சம்மா போயிட்டாங்கம்மா" என்றார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

கல்யாண மண்டப மேனேஜருக்கும் ஹாக்கி பயிற்சியாளருக்கும் என்ன சம்பந்தம் என்று அவரை அறியாதவர்கள் கேட்கலாம். அதற்கு ஆடி மாதம்தான் காரணம்.

ரெஜினா மேடம் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அண்ணன்களோடு சந்தில் ஹாக்கி ஆடி, கல்லூரி அணியில் கோல்கீப்பராக இருந்து, பிறகு ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தார். அவர் சேர்ந்த வருடம் அங்கே பதினோரு பேருக்கு ஏழு மட்டைகள்தான் இருந்தனவாம். "ஒருத்தி ஓடி முடிச்சதும் மட்டைய அடுத்தவகிட்ட குடுப்பா. ஹாக்கியா ரிலே ரேஸான்னு எனக்கே டவுட்டு" என்று சிரிப்பார். பின்னர் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வேறு கல்லூரிகள் அழைத்தும் போகவில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், ஆடி பிறந்த மறுநாள், மட்டைப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் மண்டபத்துக்கு வந்தார். "சார், இந்த மாசம் உங்களுக்குக் கல்யாணமே கெடையாது இல்ல? ஹால எனக்குக் குடுங்க" என்றார். அப்பா திகைத்துவிட்டார். மேடம் விளக்கினார். கல்லூரி மைதானம் மண் தரை. போட்டிகள் நடப்பதோ செயற்கைப் புல் தரையில். "மண்ணுல பந்து நின்னு நலம் விசாரிச்சிட்டு வரும் சார். டர்ஃப்ல டாட்டா காட்டிட்டுப் போய்க்கினே இருக்கும். உங்க தரை வழவழன்னு அப்படியே கீது."

முதலாளியிடம் கேட்டு அப்பா அனுமதி வாங்கினார். மாலை நேரங்களில் பெண்கள் வந்தார்கள். ஷூவின் அடியைக் குழாயில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சுவரில் பந்து படாமலிருக்க ஜமக்காளங்களைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்கள். மணமேடைப் படிதான் கோல்.

அவர்களில் தேவி அக்காவை எனக்கு மிகவும் பிடிக்கும். அப்போது முதல் வருட மாணவி. அவர் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்துக் குடியேற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவார். ஹாக்கிக்கான இடத்தில் சேர்ந்ததால் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த வருடம் கல்லூரி நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அணி முதல் சுற்றையாவது தாண்டவேண்டும். இல்லையென்றால் ஹாக்கி இடங்களும் சலுகையும் நின்றுவிடும். "நின்னுச்சுன்னா நான் எங்கம்மாவோட வீட்டு வேலைக்குத்தான் போவணும்" என்று தேவி அக்கா ஷூவைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

அந்த மாதம் எனக்கு இடைப்பருவத் தேர்வு. மண்டபத்துக்குள் ஒருவர் கத்தினால் பத்துப் பேர் கத்துவது போலக் கேட்கும். "இந்தா!", "பின்னாடி!", "விடு விடு!" என்ற கூச்சலில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. கீழே போய், "அக்கா, கொஞ்சம் மெதுவா ஆடுங்களேன். எனக்கு நாளைக்கு சயின்ஸ்" என்றேன்.

"இன்னாடி இது, கல்யாண மண்டபத்துல குடியிருந்துகினு சைலன்ஸ் கேக்குது!" என்றார் தேவி அக்கா.

"கொழந்த படிக்குது இல்ல? வாய மூடிகினு ஆடுங்க. கண்ணால பேசிக்கோங்க" என்றார் மேடம்.

அன்றிலிருந்து மூன்று வாரம் மண்டபத்தில் மட்டையில் பந்து படும் சத்தம் மட்டும்தான். நான் சயின்ஸில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினேன்.

முதல் ஆட்டத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். வழுக்கும் தரையில் எங்கள் பெண்கள் பந்தை அழகாக நிறுத்தினார்கள். ஆனால் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எதிரணி ஓயாமல் கத்திக்கொண்டே ஆடியது. தேவி அக்கா இடது பக்கம் ஆளில்லாத இடத்தில் கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார். பந்து வைத்திருந்தவள் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மோதி விழ, எதிரணி கோல் போட்டது.

இடைவேளையில் மேடம், "வாய் எங்கடி போச்சு உங்களுக்கு?" என்று கத்தினார்.

"நீங்கதான மேம் வாய மூடிகினு ஆடச் சொன்னீங்க" என்றார் தேவி அக்கா. அதில் கோபமோ கிண்டலோ இல்லை. உண்மையாகவே அப்படித்தான் பழகிவிட்டிருந்தார்கள்.

மேடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமா. தப்பு என்னுது" என்றார்.

பாதி ஆட்டத்தில் பழக்கம் மாறுமா? இரண்டு கோலில் தோற்றார்கள். முதல் சுற்றில் இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது; அதை வென்றால்தான் சுற்றைத் தாண்ட முடியும். நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடத்திடம் போய், "நான் மெதுவா ஆடச் சொன்னதாலதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ படிக்கிற பொண்ணு, கேட்ட. நான் கோச்சு. ஆட்டத்துல பாதி வாய்தான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் தப்ப எங்கிட்டருந்து புடுங்கிக்காத, கண்ணு."

பெரியவர்கள் தங்கள் தவறைச் சொல்லும்போது கூடவே ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்வதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அவர் கையிலேயே காரணம் இருந்தது; அழுதுகொண்டு எதிரில் நின்றது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரி முதல்வரிடமும், "புள்ளைங்க மேல தப்பில்ல, நான்தான் தப்பாப் பழக்கினேன்" என்றுதான் சொன்னாராம்.

மறுநாள் மாலை மேடம் என்னை மணமேடையில் உட்காரவைத்து, கச்சேரி மைக்கைக் கையில் கொடுத்தார். "உன் பாடத்த சத்தமாப் படி. நிறுத்தவே கூடாது. இவளுங்க அதுக்கு மேல கத்தட்டும்." நான் முகலாயப் பேரரசைப் படித்தேன். அக்பர் அரியணை ஏறும்போது "தேவி, லெஃப்ட்டு!" என்றது ஒரு குரல். "எனக்கு, எனக்கு, எனக்குடி!" என்றது இன்னொன்று. அப்பா காதைப் பொத்திக்கொண்டார். எதிர் வீட்டு மாமா ஓடி வந்து, "என்ன சார், மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்று கேட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் நெடுநேரம் கோலே விழவில்லை. முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, தேவி அக்கா வலது பக்கத்திலிருந்து "எனக்கு!" என்று போட்ட சத்தம் பார்வையாளர் வரிசையின் கடைசிவரை கேட்டது. பந்து வந்தது, அக்கா கோல் போட்டார். அந்த ஒரு கோலில் முதல் சுற்றைத் தாண்டினார்கள். அடுத்த சுற்றில் தோற்றார்கள் என்பதையும் எழுதவேண்டும். மேடம் தன் காலத்தில் அந்தப் போட்டியின் கோப்பையை வாங்கவே இல்லை. ஹாக்கி இடங்கள் மட்டும் நின்றுபோகாமல் தங்கின.

அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் மார்கழிக்கும் வந்தார். வாசலிலேயே, "நாளைக்குப் பரீட்சை கீதா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். இருந்தால் பெண்களை வெளியே ஓடவிடுவார். கடந்த மார்கழியில் மிகவும் மெலிந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயிற்சி கொடுத்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டால், "வயசுடி" என்பார். அது உண்மையல்ல என்று இப்போது தெரிகிறது.

இந்த வருட ஹாக்கி இடங்களுக்கான தேர்வுக்கு மேடம் முன்பே குறித்திருந்த தேதி, அடக்கம் முடிந்த நான்காம் நாளில் வந்தது. தள்ளிவைக்கலாம் என்று கல்லூரியில் சொன்னார்களாம். படிப்பை முடித்து அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருக்கும் தேவி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கெங்கருந்தோ பொண்ணுங்க பஸ் ஏறி வருங்க மேம், திருப்பி அனுப்பக்கூடாது" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டார்.

நானும் பார்க்கப் போனேன். வெயில் ஏறுவதற்குள் மைதானம் நிறைந்திருந்தது. பள்ளிச் சீருடையில் சிலர், அண்ணனின் பெரிய பனியனில் சிலர். கேட்டருகே ஒரு அம்மா, வேலைக்குப் போகும் அவசரத்தில் பையை இடுக்கிக்கொண்டு, "சீட்டு கெடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"சீட்டு கீதும்மா. பொண்ணு ஆடட்டும், பாக்கலாம்" என்றார் தேவி அக்கா.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

நிம்மதியாக உறங்குங்கள் மேடம். அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.