நீதிபதி பெயரில் ஓர் அர்ச்சனை

விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் வெள்ளிக்கிழமைகளில் அவரைக் காண்பேன். பஸ் டிரைவர் உடுப்பு, கக்கத்தில் தடித்த ஃபைல். தோப்புக்கரணம் போடும்போதுகூட அதைக் கீழே வைக்கமாட்டார்.

ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றது அவர் மகனின் கூட்டாளி. கூடப் போனதற்காக மகனுக்கும் கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை.

“முப்பது வருசமா, கூடப் போனவனையும் கொலைகாரனாக்கிற அந்தச் சட்டத்தைப் பிழையா நடத்தினவையாம். கோர்ட்டே ஒத்துக்கொண்டிட்டுது,” என்றார்.

“அப்ப மகனை விடுவினமோ?”

“இல்லைத் தம்பி. தீர்ப்பு வந்து இருபத்தெட்டு நாளுக்குள்ள நாங்கள் அப்பீல் பண்ணேல்லையாம். பிந்திட்டமாம்.”

ஐயர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். அவர் ஃபைலைத் திறந்து, அப்பீலைத் தள்ளிய நீதிபதியின் பெயரை வாசித்தார். நட்சத்திரம் தெரியாதாம்.

“மகனுக்கெல்லோ செய்ய வேணும்?” என்றேன்.

“அவனுக்குப் புத்தி வந்து கனகாலம். இனி இவருக்கு வரட்டும்.”